2520: புகழ் சரி, சொல்லும் காரணம்தான் தப்பு

வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். 2520 ஒரு விசித்திர எண்ணாம். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடுமாம். இப்படி இன்னொரு எண் கிடையவே கிடையாதாம். உலகத்துக் கணித மேதைகள் எல்லாம் திகைத்து நிற்க, நம் ராமானுஜன்தான் ரகசியத்தை உடைத்தாராம்: வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், வருஷத்துக்கு 12 மாதம், மூன்றையும் பெருக்கினால் 2520!

இதில் இரண்டு விஷயம் உண்மை. 2520, 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும். 7 × 30 × 12 = 2520 என்பதும் சரி. மற்றதெல்லாம் கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், 2520 நிஜமாகவே அபூர்வமான எண்தான். அதற்கான காரணம் அந்தச் செய்தியில் இல்லை, அவ்வளவுதான். ராமானுஜனுக்கும் இந்த வகை எண்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதுவும் அந்தச் செய்தியில் இல்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், இரண்டையும் புரிந்துகொள்ளலாம்.

## நாற்காலியை வரிசை போடுவது

கல்யாண மண்டபத்தில் 60 நாற்காலிகள் இருக்கின்றன. எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. வரிசைக்கு 10 போட்டால் ஆறு வரிசை. 12 போட்டால் ஐந்து. 15 போட்டால் நான்கு. இப்படி எழுதிக்கொண்டே போனால் வரிசைக்கு 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்று மொத்தம் 12 வழிகள் கிடைக்கும்.

யாரோ ஒரு நாற்காலியைக் கூடுதலாகக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இப்போது 61. கதை முடிந்தது. ஒரே வரிசையாக 61-ஐயும் போடலாம், இல்லாவிட்டால் வரிசைக்கு ஒன்று என்று 61 வரிசை போடலாம். வேறு வழியே இல்லை.

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணுக்கு காரணி என்று பெயர். 60-க்கு 12 காரணிகள், 61-க்கு இரண்டே. 61-ஐப் போல 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாதது பகா எண். 1-ஐ விடப் பெரிய மற்ற எண்கள் எல்லாம் பகு எண்கள்.

எண் பெரிதாக ஆக ஆகக் காரணிகளும் கூடும் என்று நினைத்துக்கொள்வது ரொம்பச் சகஜமான தப்பு. 2520-க்கு 48 காரணிகள். அடுத்து நிற்கும் 2521 பகா எண், அதற்கு இரண்டுதான்.

## "வேறு எண்ணே கிடையாது" என்பது

1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபட வேண்டும் என்றால் ஓர் எண்ணுக்குள் என்னென்ன இருந்தாக வேண்டும்? 8 = 2 × 2 × 2. ஆகவே மூன்று 2 வேண்டும். 9 = 3 × 3. இரண்டு 3 வேண்டும். அப்புறம் ஒரு 5, ஒரு 7. இவை வந்துவிட்டால் 4, 6, 10 மூன்றும் இலவசமாகவே வந்துவிடும். எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள்:

2 × 2 × 2 × 3 × 3 × 5 × 7 = 2520

ஆக, 1 முதல் 10 வரை எல்லாவற்றுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு 2520. பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு இதுவேதான். மிகச் சிறியது இதுதானே தவிர, ஒரே ஒன்று இல்லை. இதை இரட்டித்தால் 5040, மும்மடங்காக்கினால் 7560, அப்புறம் 10,080 என்று முடிவே இல்லாமல் போகும். எல்லாமே 1 முதல் 10 வரை வகுபடும். 11 முறை எடுத்தால் வரும் 27,720-ஐ 1 முதல் 12 வரை எல்லாவற்றாலும் வகுக்கலாம்.

இது புதிய செய்தியும் இல்லை. கிட்டத்தட்ட 2,350 வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத்து பிளேட்டோ தன் கனவு நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று கணக்குப் போட்டார். நிலம் பிரிக்க, வரி போட, படை திரட்ட எப்படிப் பிரித்தாலும் சமமாக வரும் என்பது அவர் சொன்ன காரணம். 1 முதல் 10 வரை வரிசையாக எல்லாம் வகுக்கும் என்பதையும் அவரே குறிப்பிட்டிருக்கிறார். அடுத்து வரும் 11 வகுக்காது. அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார்: இரண்டு குடும்பத்தை ஒதுக்கிவையுங்கள், 5038 ஆகிவிடும், 11-ஆல் வகுபடும். மனிதர் விடுவதாக இல்லை.

7 × 30 × 12? 30-க்குள் 2, 3, 5 இருக்கின்றன. 12-க்குள் 2, 2, 3 இருக்கின்றன. 7 தனியாக நிற்கிறது. மேலே எழுதிய அதே ஏழு பகா எண்களை வேறு மாதிரி மூட்டை கட்டியிருக்கிறார்கள். 5 × 7 × 8 × 9 என்று கட்டினாலும் 2520தான். நாள்காட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாதத்துக்கு 30 நாள் என்பதே எல்லா மாதத்துக்கும் பொருந்தாதே!

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: 2520-ஐ 1 முதல் 10 வரை எல்லாம் வகுப்பது அதை அப்படிக் கட்டியதால். அப்படிக் கட்டிய எண்கள் எண்ணிலடங்காதவை.

## காரணிகளை எழுதாமலே எண்ணுவது

2520-க்கு 48 காரணிகள் என்று மேலே சொன்னேன். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஒரு காரணியை உருவாக்குவது என்றால் மேலே உள்ள ஏழு பகா எண்களில் சிலவற்றை எடுத்துப் பெருக்குவது, அவ்வளவுதான்.

2-ஐ எத்தனை எடுக்கலாம்? ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம். நான்கு விதம். 3-ஐ எடுக்க மூன்று விதம். 5-ஐ எடுக்கலாம், விடலாம்: இரண்டு விதம். 7-க்கும் அப்படியே. மொத்தம் 4 × 3 × 2 × 2 = 48.

உதாரணமாக இரண்டு 2, ஒரு 3, ஒரு 7 எடுத்து, 5-ஐ விட்டுவிட்டால் 84. 2520-ஐ 84-ஆல் வகுத்தால் சரியாக 30 வரும். எதையுமே எடுக்காவிட்டால் 1. எல்லாவற்றையும் எடுத்தால் 2520.

ஒரு பகா எண் எத்தனை தடவை வருகிறதோ அந்த எண்ணிக்கைக்கு அடுக்கு என்று பெயர். 2520 = 2³ × 3² × 5 × 7. அடுக்குகள் 3, 2, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை. எண் எத்தனை பெரிதாக இருந்தாலும் இதே கணக்குதான்.

## சாதனை படைக்கும் எண்கள்

தனக்கு முன்னால் இருக்கும் எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண்ணை உயர் பகு எண் என்போம். 12-க்கு 6 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 24-க்கு 8, 36-க்கு 9, 48-க்கு 10, 60-க்கு 12 என்று சாதனை முறியடிக்கப்பட்டுக்கொண்டே போகிறது. மணிக்கு 60 நிமிடம், நாளுக்கு 24 மணி, வட்டத்துக்கு 360 பாகை, டஜனுக்கு 12: நான்குமே உயர் பகு எண்கள். அரை, மூன்றில் ஒன்று, கால் என்று பங்கு போட இவற்றைப் போல வசதியானவை கிடைக்காது.

இப்படி ஓர் எண்ணைக் கட்டுவதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. கூடுதல் காரணிகள் வேண்டும், எண் பெரிதாகிவிடவும் கூடாது. பலரும் உடனே சொல்லும் யோசனை, பகா எண்களை வரிசையாகத் தலைக்கு ஒன்று எடுத்துப் பெருக்கலாம் என்பது. 2 × 3 × 5 × 7 × 11 = 2310. காரணிகள் 32. பக்கத்திலேயே இருக்கும் 2520-க்கு 48. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை போதாது என்று தெரிகிறது. சரி, எல்லாவற்றையும் 2-ஆகவே வைத்தால்? 2-ஐப் பதினொரு தடவை பெருக்கினால் 2048. காரணிகள் வெறும் 12. இது இன்னும் மோசம்.

நடுவில் எங்கோ சமநிலை இருக்கிறது. அதைத் தேட இரண்டு விதிகள் உதவும், இரண்டும் வெறும் பொதுப்புத்திதான். முதலாவது, நடுவில் எந்தப் பகா எண்ணையும் தாண்டிப் போகக் கூடாது. 2 × 3 × 7 = 42-க்கு 8 காரணிகள். 7-ஐ எடுத்துவிட்டு 5-ஐ வைத்தால் 30; அதற்கும் அதே 8. சின்ன எண்ணிலேயே வேலை முடிகிறதே, எதற்குப் பெரியது? இரண்டாவது, அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறக் கூடாது. 2 × 3² = 18, காரணிகள் 6. அடுக்குகளை மாற்றிப் போட்டால் 2² × 3 = 12, காரணிகள் அதே 6.

இந்த இரண்டும் எந்த எண் தேறாது என்று மட்டும்தான் சொல்லும். தேறியவற்றில் எது நிஜமான சாதனை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான பகுதி.

## 2520-இன் நிஜப் பெருமை

எந்த எண்ணையும் இரட்டித்தால் காரணிகள் கட்டாயம் கூடும். பழைய காரணிகள் எல்லாம் அப்படியே இருக்கும். கூடவே இரட்டித்த எண் தானே புதிய காரணியாகச் சேர்ந்துவிடும். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, சாதனைகளுக்கு முடிவே இல்லை. இன்னொன்று, எந்தச் சாதனையும் அதிகபட்சம் இரு மடங்கு வரைதான் தாங்கும்.

பெரும்பாலானவை அவ்வளவு தூரம் தாங்குவதில்லை. 24-இன் சாதனை 48 வரை போகாமல் 36-லேயே உடைந்துவிடுகிறது. 5040-இன் சாதனை 7560-இல் உடைகிறது. சரியாக இரு மடங்கு வரும்வரை யாரும் தாண்ட முடியாத எண்கள் மொத்தமே ஏழு: 1, 2, 6, 12, 60, 360, 2520. அவ்வளவுதான். இதற்கு மேல் எத்தனை கோடி எண்களைத் தேடினாலும் எட்டாவது கிடையாது. கடைசி எண் 2520.

இது மயிரிழையில் கிடைத்த பெருமை. 2520-இல் ஒரு 2-ஐ எடுத்துவிட்டு ஒரு 3-ஐச் சேர்த்தால் 3780, அதாவது 2² × 3³ × 5 × 7. காரணிகள் 3 × 4 × 2 × 2 = 48. சமன் செய்துவிட்டது, தாண்டவில்லை. 3360-க்கும் 48. 3960, 4200, 4320, 4620, 4680 எல்லாம் 48-இலேயே நின்றுவிடுகின்றன. 5040 வந்துதான் 60 ஆகிறது.

அதே மாற்றத்தை 5040-இல் செய்து பாருங்கள். 5040 = 2⁴ × 3² × 5 × 7. ஒரு 2 போய் ஒரு 3 வந்தால் 7560 = 2³ × 3³ × 5 × 7. காரணிகள் 4 × 4 × 2 × 2 = 64. தாண்டிவிட்டது! எண்கள் பெரிதாகப் பெரிதாகச் சின்னப் பகா எண்களின் அடுக்குகள் ஏறிவிடும். அப்போது ஒரு 2-ஐ இழப்பதில் பெரிய நஷ்டம் இல்லை; இரு மடங்கு வருவதற்கு முன்பே சாதனையை உடைக்க வழிகள் பெருகிவிடும். அதனால்தான் பட்டியல் 2520-உடன் நின்றுபோகிறது. 2520-ஐப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆசைப்பட்டால் இதை அனுப்பலாம்.

## ராமானுஜன் செய்தது

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே, 1915-இல், லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் உயர் பகு எண்களைப் பற்றி அறுபது பக்கத்துக்கும் மேல் நீளும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். 2520-இன் "ரகசியம்" அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. இந்த எண்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அமைப்பு என்ன என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

அவர் நிறுவியவற்றில் எளிதாகச் சொல்லக்கூடிய ஒன்று: எந்த உயர் பகு எண்ணிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். விதிவிலக்கு இரண்டே. 4 = 2², 36 = 2² × 3². கோடானுகோடி எண்களில் இந்த இரண்டு மட்டும்! 2520-இல் கடைசிப் பகா எண் 7, ஒரு தடவை. 60-இல் 5, ஒரு தடவை. நீங்களே மற்றவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டிக்கு இந்தத் தலைப்பின் மேல் பெரிய மோகம் இல்லை. கணிதத்தின் பிரதான ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய மூலை என்றே அவர் கருதினார். ஆனால் இதில் ராமானுஜன் காட்டிய கைத்திறனை அவரே வியந்து எழுதியும் இருக்கிறார். கட்டுரையின் மீதிப் பகுதி அப்போது அச்சேறவில்லை. முதல் உலகப் போர் நேரம், சங்கத்திடம் பணம் இல்லை. நிக்கோலா, ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் குறிப்புகளோடு அதை வெளியிட்டபோது வருஷம் 1997.

## ஒரு 13 இலக்க எண்

1915 கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களின் அட்டவணை இருக்கிறது. எல்லாம் கையால் போட்ட கணக்கு. அதன் கடைசி எண்:

67,46,32,83,88,800

ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பார்த்தால் பயமாக இருக்கிறது. உடைத்துவிட்டால் பயம் போய்விடும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

மேலே சொன்ன விதிகளை வைத்துப் பாருங்கள். 2 முதல் 23 வரை ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1; எங்கும் ஏறவில்லை. கடைசியில் இருக்கும் 23 ஒரே ஒரு தடவை. காரணிகள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் பத்தாயிரத்து எண்பது காரணிகள் கிடையாது.

(ஒரு வாரத்தில் எத்தனை நிமிடங்கள் தெரியுமா? 7 × 24 × 60 = 10,080. தற்செயல்தான். வாட்ஸ்அப்காரர்கள் கண்ணில் இன்னும் படவில்லை போலும்.)

2520-ஐ 1 முதல் 10 வரை வகுக்கலாம் என்பது பெருமை என்றால், இதை 1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் வகுக்கலாம். 24, 25, 27 எதுவும் சிக்கல் செய்யாது. 29-இல்தான் முதல் தடவை மீதி வரும், ஏனென்றால் உள்ளே 29 இல்லை. 30 மறுபடி வகுக்கும்.

இப்போது கடைசிப் படியை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். 23-ஐக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது 2,93,31,86,25,600. காரணிகள் பாதியாகக் குறைந்து 5040. இந்த இடத்தில் இருந்துகொண்டு காரணிகளை இரட்டிக்க வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? 23-ஐச் சேர்க்கலாம்: எண் 23 மடங்கு பெருக்கிறது, காரணிகள் சரியாக இரு மடங்கு. அதை விட்டுவிட்டு ஏற்கெனவே இருக்கும் சின்னப் பகா எண்களையே கூட்டினால்? ஒரு 2, ஒரு 3, ஒரு 5 சேர்த்துப் பார்த்தால் எண் 30 மடங்கு ஆகிவிடுகிறது; காரணிகளோ 8 × 6 × 4 × 3 × 16 = 9216 வரைதான் வருகின்றன. அதிக விலை கொடுத்தும் இரட்டிக்கவில்லை. ஆரம்பத்தில் புதிய பகா எண் ஊதாரித்தனமாகப் பட்டது நினைவிருக்கும்: 2310 அதில்தான் தோற்றது. சின்ன எண்களின் அடுக்குகள் போதுமான அளவு ஏறிய பிறகு புதிய பகா எண்தான் மலிவு. எப்போது அடுக்கை ஏற்றுவது, எப்போது புதியதைச் சேர்ப்பது என்ற இந்தப் பேரத்தைத்தான் ராமானுஜன் சமனின்மைகளாக, அதாவது "இது அதைவிடச் சிறியது" என்ற வகைக் கணக்குகளாக எழுதினார்.

அந்த 2,93,31,86,25,600 என்ற எண்ணும் ஓர் உயர் பகு எண்தான். 5040 காரணிகளை முதலில் எட்டிய எண் அது. ஆனால் ராமானுஜனின் அட்டவணையில் அது இல்லை, விட்டுப்போயிருக்கிறது. அதன் 23 மடங்குதான் அதே அட்டவணையின் கடைசி வரியில் இருக்கிறது.